தையல்நாயகி வீட்டு நல்ல தண்ணி

பாட்டிலை மூடிப் பைக்குள்ள வைங்க தம்பி. கேக்காம கொள்ளாம கொல்லைப்பக்கம் வந்து பம்புகிட்ட உக்காந்துட்டா என்ன அர்த்தம்? இது பஞ்சாயத்து போட்ட பம்பு இல்ல. எங்க வீட்டுக்காரர் சொந்தமா ஆள் கூட்டியாந்து இறக்குன அடிபம்பு. செவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்குன்னா யார் வேணாலும் கை வைக்கலாம்னு ஆயிடுச்சா?

எந்தக் காலேஜுன்னு சொல்ல வேணாம். அந்த நீலப் பையைப் பாத்தாலே தெரியுது. போன வருஷம் ஆடியில அந்தப் பொண்ணும் இதே மாதிரி பையைத்தான் தோள்ல மாட்டிக்கிட்டு வந்துச்சு. ஆக்னஸ் மேரி. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்னு சொன்னாங்க. வாங்கிட்டாங்களா? வாங்கியிருப்பாங்க. எங்க வீட்டுத் தண்ணியை வச்சு வாங்குன பட்டம். நல்லா இருக்கட்டும்.

செத்த உக்காருங்க. அந்தக் கல்லு மேலயே உக்காருங்க. அவங்க எழுதுனதைப் படிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க. நான் சொன்னதை அதுல எழுதியிருக்க மாட்டாங்க. அதையும் கேட்டுட்டுப் போங்க.

இந்தத் தெருவுல எங்க தோண்டினாலும் உப்பு. வெட்டாறு கடல்ல சேர்ற எடம் இந்தா இருக்கு, சைக்கிள்ல போயிட்டு வந்துரலாம். கோடையில ஆத்துக்குள்ளயே கடல் ஏறி வந்துரும். அந்தத் தண்ணியில பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலையில ஊத்துனா முடி தேங்காய் நாராட்டம் நிக்கும். குழாய்ல கொள்ளிடத்துத் தண்ணி வருதுன்னு சொல்லுவாங்க. வருது. என்னைக்கோ ஒரு நாளைக்கு வருது, வந்தா பாதி நேரம் காத்துதான் வருது.

எங்க பம்புல மட்டும் இளநீ மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகைச் சுவத்தை ஒட்டி இறக்கச் சொன்னாரு, மாடு கழுவ வசதியா இருக்கட்டும்னு. இறக்க வந்த ஆளு, ஆழமாப் போனா உப்புத்தான் வரும், மேல்தண்ணியே போதும்னான். மொதல் தண்ணியை நான்தான் வாயில ஊத்திப் பாத்தேன். எனக்கு நம்ப முடியல. அப்படி ஒரு தண்ணி.

எனக்குக் கொழந்தை கெடையாது தம்பி. அதைச் சொல்ல வெக்கம் ஒண்ணும் இல்ல, ஊருக்கே தெரியும். தெருவுல வளைகாப்புன்னா எனக்குப் பத்திரிகை வரும், வளையல் போடுறதுக்கு மட்டும் கூப்பிட மாட்டாங்க. பேர் வைக்கிற வீட்டுல தொட்டில்கிட்ட போனா ஒருத்தி வந்து, "வாங்கக்கா, சாப்பாடு ஆறிப்போவுது"ன்னு கையைப் பிடிச்சு இட்டுக்கிட்டுப் போவா. ஆனா விடிஞ்சா அத்தனை பேரும் எங்க கொல்லையிலதான் நிப்பாளுவோ. "தையல்நாயகியக்கா, ஒரு கொடம்." அதோ எதிர்வீடு, சரோஜா வீடு. என்னைப் பத்தி அவ பேசாத பேச்சு இல்ல. அவளும் வந்து நிப்பா. அவளைக் கொஞ்ச நேரம் நிக்க வச்சுட்டுத்தான் கொடுப்பேன். ஆனா கொடுத்துருவேன். ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல.

எங்க கொழுந்தன் சிங்கப்பூர்ல இருக்காரு. அவர் பொண்டாட்டி அகிலா. தாய் இல்லாத பொண்ணு. அதனால பேறுகாலம் நான்தான் பாத்தேன். இந்தக் கையாலதான் பத்தியம் ஆக்கிப் போட்டேன், இந்தக் கையாலதான் கொழந்தையைக் காலுல போட்டுக் குளிப்பாட்டினேன். பொம்பளப்புள்ள. மகிழினின்னு பேரு. பேர் வைக்கிற அன்னைக்கு என் வீட்டுத் தொட்டில், என் வீட்டுக் கூடம். எவ வந்து என் கையைப் பிடிச்சு இழுப்பா? நானே தூக்கி நானே போட்டேன்.

அகிலாவுக்குப் பால் பத்தல. மூணாம் மாசம் முடிஞ்சதும் அவ வேலைக்குக் கெளம்பிட்டா. நாகப்பட்டினத்துல ஒரு துணிக்கடையில பில் போடுற வேலை. போகாதேன்னேன். "அங்க ஆள் மாத்திருவாங்கக்கா, நீங்க இருக்கீங்கல்ல"ன்னா. நான் இருக்கேன்தான். டப்பாப் பாலை நான்தான் கரைச்சு ஊட்டுவேன். சும்மா கரைக்கல தம்பி. இந்தத் தண்ணியைக்கூட நான் அப்படியே கொடுக்கல. அடுப்புல வச்சு, தளதளன்னு கொதிச்சதுக்கப்புறமும் இறக்காம, பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சுவேன். அப்புறம் வெள்ளைத்துணியில வடிகட்டி ஆறவச்சு, என் புறங்கையில ஊத்திப் பாத்துட்டுத்தான் கொடுப்பேன். பெத்தவகூட அவ்வளவு பாக்க மாட்டா. அகிலா அடுப்புல தண்ணி சுட்டதும் இறக்கிருவா. "என்ன அவசரம், கிருமி சாக வேணாமா"ன்னு அவளைத் திட்டியிருக்கேன்.

அந்த நேரத்துலதான் ஆக்னஸ் வந்தாங்க. தெருவுல ஒவ்வொரு பம்பா அடிச்சு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. இங்க வந்ததும் பேனா மாதிரி ஒண்ணைத் தண்ணியில முக்கிப் பாத்துட்டு, "இந்தத் தெருவுலயே இதுலதான்க்கா உப்பு கம்மி"ன்னாங்க. நான் மோர் கொடுத்தேன். குடிச்சாங்க. நல்ல பொண்ணுன்னுதான் நெனைச்சேன். படிச்ச பொண்ணு நம்ம தண்ணியை நல்ல தண்ணின்னு சொல்லிருச்சேன்னு அன்னைக்கே நாலு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் கேள்வி கேட்டாங்க பாருங்க. கக்கூஸ் குழி எங்க இருக்கு, எருக்குழி எங்க இருக்கு, மாட்டு மூத்திரம் எங்க போவுது. வந்த வீட்டுல கேக்குற கேள்வியா அது? எருக்குழி இந்தா பம்புக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. கண்ணு இருக்குல்ல, பாத்துக்கட்டும்னு நான் பதில் சொல்லல. கடைசியா, "வீட்டுல கைக்கொழந்தை இருக்காக்கா"ன்னு கேட்டாங்க.

இல்லைன்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? முன்பின் தெரியாத ஆளு வந்து கைக்கொழந்தை இருக்கான்னு கேட்டா, நீங்க உங்க வீட்டுல இருக்குன்னு சொல்லுவீங்களா? கொழந்தை அப்ப கொழுகொழுன்னு இருந்துச்சு. கண்ணு பட்டுரும். உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு, நான் கதவைச் சாத்திட்டு வந்துதான் இல்லைன்னேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஏன் கேக்குறேன்னு அவங்களும் சொல்லல. சொல்லியிருக்கணுமா இல்லையா?

அவங்க போன கொஞ்ச நாள்ல கொழந்தைக்கு ஒதடு ஒரு மாதிரியாச்சு. நாவப்பழம் தின்னா இருக்குமே, அப்படி. நகமும் அதே மாதிரி. காச்சல் இல்ல, சளி இல்ல. பால் குடிக்கும், குடிச்சுட்டு சோர்ந்து படுத்துக்கும். அகிலா பயந்துட்டா. "இருதயத்துல ஏதாவது இருக்குமோக்கா, டாக்டர்கிட்ட காட்டுவோம்"னா. நான்தான் சொன்னேன், நம்ம மாமனார் கருப்பு, எங்க வீட்டுக்காரர் கருப்பு, அந்த நிறம் இப்பத்தான் ஏறுது, வெள்ளிக்கிழமை கோயில்ல மந்திரிச்சுட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போவோம்னு. மந்திரிச்சேன். தாயத்தும் கட்டினேன். தண்ணியை இன்னும் கொஞ்சம் கூடுதலாவே காய்ச்ச ஆரம்பிச்சேன். புள்ள ஒடம்பு சரியில்லாதப்ப கவனம் வேணும்ல.

அப்புறம் ஆவணியில ஒரு காலையில ஆக்னஸ் திரும்பி வந்தாங்க. கொல்லையில கொடம் வரிசையா நிக்குது. என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உள்ள வந்திருக்கலாம், நான் காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன். அதைச் செய்யாம, நின்ன எடத்துலயே, எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க.

"கலியபெருமாள் வீட்டு அடிபம்புத் தண்ணியில நைட்ரேட்டு ரொம்ப இருக்கு. நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும், இதுல நூத்தி எம்பது. நாக்குக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. இதைக் குடிக்க வேணாம். கைக்கொழந்தைக்கும் புள்ளத்தாச்சிக்கும் கொடுக்கவே கூடாது."

நான் கேட்டேன், "அப்ப எந்தத் தண்ணியைக் குடிக்கிறது?"

"சரோஜா அம்மா வீட்டுத் தண்ணி பரவாயில்லைக்கா. உப்புக் கரிக்கும், ஆனா குழாய்த் தண்ணி வராதப்ப அதைக் குடிக்கலாம்."

எப்படி இருந்திருக்கும் எனக்கு, நீங்களே சொல்லுங்க. சரோஜா கொடத்தோட நின்னுக்கிட்டு இருக்கா. என் கொல்லையில, என் பம்புகிட்ட நின்னுக்கிட்டு இருக்கா. அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. நான் அந்தப் பொண்ணைப் பாத்து, "நாங்க இத்தனை வருஷமா குடிக்கிறோம், எவ செத்துப்போனா? நாக்குல வச்சாத் தெரியாத கெடுதலை எந்தக் கண்ணாடியில பாத்தே நீ?"ன்னு கேட்டேன். அவங்க பொறுமையா என்னமோ விளக்கினாங்க. சாணி, மூத்திரம், மண்ணுக்குள்ள எறங்குதுன்னு. என் வீட்டு நல்ல தண்ணியை எங்க மாட்டு மூத்திரம்னு ஊர் முன்னாடி சொன்னா, வேற என்ன பேச்சு இருக்கு? "மொதல்ல வெளிய போ"ன்னேன்.

அந்த நேரம் பாத்து உள்ள கொழந்தை அழுதுச்சு.

ஆக்னஸ் என்னைப் பாத்தாங்க. சரோஜா வாயைத் தொறந்தா. "அகிலா கொழந்தை இருக்கே, நாலு மாசம்தானே ஆவுது"ன்னா. வேற எதுக்கும் அவ வாய் இவ்வளவு உதவினதில்ல.

அன்னைக்கு அகிலா வேலைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா. சத்தம் கேட்டுக் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு கொல்லை வாசப்படிக்கு வந்துட்டா. அந்தப் பொண்ணு நேரா போயி கொழந்தை வெரலைப் பிடிச்சு, நகத்தை அமுக்கிப் பாத்துச்சு. ஒதட்டைப் பாத்துச்சு.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பத்துப் பதினஞ்சு நாளா"ன்னா அகிலா.

"பால் எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?"

நான் முந்திக்கிட்டேன். "காய்ச்சின தண்ணியிலதான். பாதியா சுண்டக் காய்ச்சி. எங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பொண்ணு மூஞ்சி மாறிடுச்சு. கோவம்னு சொல்ல முடியாது. ஒரு மாதிரி மெதுவா சொன்னாங்க. "அக்கா, இது கிருமி இல்ல, காய்ச்சினா போகாது. தண்ணி ஆவியாப் போயிரும், இது அடியிலயே நிக்கும். சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும்." அப்புறம் அகிலாகிட்ட, "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நான் வந்த வண்டி நிக்குது"ன்னாங்க.

அகிலா என்னைத் திரும்பிப் பாத்தா தம்பி. திட்டியிருந்தா பரவாயில்ல. திட்டினா நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன். பாத்துட்டு, செருப்புகூடப் போடாம வண்டியில ஏறிட்டா.

நானும் ஏறினேன். யாரும் என்னைக் கூப்பிடல, நானா ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில ஊசியில ரத்தம் எடுத்தாங்க. ரத்தம் செவப்பா இல்ல. டிகாஷன் மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா அதைப் பாத்ததும் நர்ஸைக் கூப்பிட்டு ஓடுனாங்க. அப்புறம் ஒரு மருந்து ஏத்தினாங்க. நீல மருந்து தம்பி. எழுதுற மை மாதிரி அப்படி ஒரு நீலம். ஏற்கெனவே நீலமாக் கெடக்குற புள்ளைக்கு நீல மருந்தை ஏத்துறாங்க. இதெல்லாம் ஒரு வைத்தியமான்னு நான் சத்தம் போட்டேன். என்னை வெளிய உக்கார வச்சுட்டாங்க.

கொஞ்ச நேரத்துல ஒதடு ரோசாக் கலருக்கு வந்துருச்சு. மருந்துனாலன்னு அவங்க சொன்னாங்க. நான் வெளிய உக்காந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன். எதுனால வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டுல ஒண்ணு.

சாயங்காலம் அகிலா வெளிய வந்தா. ஆக்னஸும் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா. "ஆடியிலயே வந்து கொழந்தை இருக்கான்னு கேட்டாங்களாமேக்கா. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"கண்ணு படும்னுதான்"னேன்.

கும்பகோணத்துல அவ அக்கா இருக்கா. ஆஸ்பத்திரியில விட்டதும் அங்க போயிட்டா. வேலையை விட்டுட்டுப் போயிட்டா. எந்த வேலைக்காக என்கிட்ட கொழந்தையைக் கொடுத்தாளோ, அந்த வேலையையே விட்டுட்டா. கொழந்தை துணிமணி எல்லாம் இங்கயே கெடந்துச்சு. கொழுந்தன் போன்ல, "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணி"ன்னாரு. போயிருச்சே, வருஷம் ஒண்ணு.

இதெல்லாம் யாரால? நான் சொல்லட்டுமா? உங்க ஆக்னஸால. அவங்க வராம இருந்திருந்தா நாங்களே ரெண்டு நாள்ல டாக்டர்கிட்ட போயிருப்போம். டாக்டர் அந்த நீல மருந்தை ஏத்தியிருப்பாரு. புள்ளையும் என்கிட்டயே இருந்திருக்கும். பம்பும் பம்பா இருந்திருக்கும். இப்பப் பாருங்க, குடிக்கக்கூடாதுன்னு வந்து செவப்பு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு கொடம் வரல. விடிஞ்சா கொல்லையில காக்காதான் நிக்குது. எல்லாரும் சரோஜா வீட்டு வாசல்ல நிக்கிறாளுவோ, அந்த உப்புத் தண்ணிக்கு. அவ எல்லாரையும் நிக்க வச்சுத்தான் கொடுக்குறாளாம். அதிகாரம் பண்றா.

எங்க வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய புத்தி. தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் ஆளைக் கூட்டியாந்து எருக்குழியை வாரி வயலுக்கு அடிச்சுட்டாரு. மாட்டுக்கொட்டகையைப் பிரிச்சு வாய்க்காலுக்கு அந்தாண்ட கொண்டுபோயிப் போட்டுட்டாரு. நான் குறுக்க நின்னு கத்தினேன். மாத்துனா என்ன அர்த்தம்? அந்த ஆக்னஸ் சொன்னதெல்லாம் சரின்னு அர்த்தம். "நம்ம தண்ணியில ஒரு குத்தமும் இல்லைன்னா எதுக்குப் பிரிக்கணும்"னு கேட்டேன். அவர் அதிகம் பேச மாட்டாரு. "பாப்பா வரணும்ல"ன்னாரு. அவ்வளவுதான். ரொம்ப நாளைக்கு நான் அவர்கூடப் பேசல. அவரு கேன் தண்ணி வாங்கிக் குடிக்கிறாரு. நான் இதைத்தான் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?

என்ன சொன்னீங்க?

எங்க வீட்டுக்காரரா?

அவரா போன் பண்ணி வரச் சொன்னாரு? ஆக்னஸுக்கா? நம்பர் எப்படி வச்சிருந்தாரு? கொட்டகையை மாத்தியாச்சு, இப்ப எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கன்னா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. ஒரே வீட்டுல இருக்கோம்.

ஒடனே கொறையாதா? மண்ணுக்குள்ள எறங்குனது வெளியேற நாலஞ்சு மழை வேணுமா, அஞ்சாறு வருஷம்கூட ஆகலாமா? அப்ப எதுக்கு இன்னைக்கு வந்தீங்க? சரி, சரி. பாட்டிலைப் பைக்குள்ள வைக்க வேணாம், கையிலயே இருக்கட்டும். நான் இன்னும் முடிக்கல.

போன வைகாசியில நான் கும்பகோணம் போனேன். யாரும் கூப்பிடல. கொழந்தை நடக்குதுன்னு கொழுந்தன் போன்ல சொன்னாரு. எனக்கு இருப்புக் கொள்ளல. பஸ்ஸுல போனேன். ஒரு பெரிய பாட்டில்ல இந்தத் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். அகிலா வீட்டுத் தண்ணியை வாயில ஊத்தக்கூடாதுன்னு வைராக்கியம். அவ வேணாம்னு சொன்ன தண்ணியை அவ கண்ணு முன்னாடியே குடிக்கணும்னுதான் போனேன்.

அகிலா வாங்கன்னா. நான் கூடத்துல கீழ உக்காந்து, பையிலேருந்து பாட்டிலை எடுத்து, நான் கொண்டுபோன டம்ளர்லயே ஊத்தினேன். அவ அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. பாக்கட்டும்னு ரெண்டு மடக்குக் குடிச்சேன்.

கொழந்தை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சு. அடையாளம் தெரியல. எப்படித் தெரியும்? அப்புறம் சுவத்தை விட்டுட்டு, தத்தித் தத்தி நேரா என்கிட்ட வந்துச்சு. என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு டம்ளருக்குக் கையை நீட்டுச்சு. "தா"ன்னுச்சு. அதுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியுமாம்.

அகிலா பாத்துக்கிட்டே நிக்கிறா. ஓடி வந்து பிடுங்கல. வேணாம்னு சொல்லல. நான் என்ன செய்யுறேன்னு பாக்குறா.

நான் டம்ளரை எட்டாத உயரத்துல ஜன்னல்மேல வச்சுட்டேன். கொழந்தை அழுதுச்சு. தூக்கிக்கிட்டுப் போயி, அவங்க மூலையில வச்சிருந்த கேன்லேருந்து அரை டம்ளர் பிடிச்சு, நானே ஊட்டினேன். மடக் மடக்குன்னு குடிச்சுச்சு. அப்புறம் ஜன்னல்மேல இருந்ததை எடுத்து முத்தத்துல ஊத்திட்டேன். பாட்டில்ல மிச்சம் இருந்ததையும் ஊத்திட்டேன்.

நீங்க வேற எதுவும் நெனைச்சுக்காதீங்க. வைகாசி வெயில்ல அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்த தண்ணி, பிளாஸ்டிக்ல சூடேறிக் கெடந்துச்சு. கொழந்தைக்கு ஒத்துக்காது. அதனாலதான். அகிலாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். "சூடேறிடுச்சு அகிலா"ன்னேன்.

"ஆமாக்கா"ன்னா அவ.

உள்ள போயி எனக்கு இலை போட்டா. கொழந்தையை என் மடியிலேருந்து வாங்கல. அப்படியே வச்சுக்கிட்டு உக்காந்தேன், அவ பரிமாறினா. சாம்பார்ல உப்பு ஏறிப்போயிருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு வந்தேன்.